மீட்லோஃப், நம் ஓவனில்: ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில்

மீட்லோஃபில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கொத்தின இறைச்சியோடு பாலில் ஊறிய ரொட்டி, முட்டை, வெங்காயம் சேர்த்துக் கலந்து, நீளக் கட்டியாகப் பிடித்து, ஓவனில் சுட்டு, துண்டு போட்டுப் பரிமாறுவது. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மன்காரர்கள் வீட்டில், பழைய உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இறைச்சி அரைக்கும் இயந்திரம் வீட்டு அடுப்படிக்கு வந்த பிறகு அமெரிக்காவில் பரவியது. 1930களில் வேலையும் காசும் இல்லாத காலத்தில், கொஞ்சம் இறைச்சியை ரொட்டியும் ஓட்ஸும் போட்டுப் பெருக்கி ஒரு குடும்பமே வயிறு நிறையச் சாப்பிட வழி செய்தது. அதனால் இது விருந்துச் சமையல் இல்லை, சிக்கனச் சமையல். அந்த எண்ணத்தோடு ஆரம்பித்தால் பாதிப் பயம் போய்விடும்.

பினாங்கில் மேற்கத்திய உணவு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சிக்கன் சாப்தான். வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள் கிச்சாப்பும் (சோயா சாஸ்) வூஸ்டர் சாஸும் கலந்து கிரேவி வைத்து, பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டு உருவாக்கிய ருசி அது. மீட்லோஃபுக்கு அந்தக் கிரேவி அருமையாகப் பொருந்தும், கடைசியில் சொல்கிறேன்.

புதிதாக ஓவன் வாங்கி, கேக்கைத் தவிர வேறென்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: மீட்லோஃப் கெட்டுப்போவதென்றால் பெரும்பாலும் வறண்டுதான் கெட்டுப்போகும். கீழே சொல்லும் எல்லாமே ஈரத்தைக் காப்பாற்றும் வேலைதான்.

இறைச்சி

அமெரிக்காவில் மாட்டிறைச்சிதான் வழக்கம், சில வீடுகளில் பன்றியும் கலப்பார்கள். நம் வீடுகளில் பலர் மாடு சாப்பிடுவதில்லை, பலர் பன்றி சாப்பிடுவதில்லை. ஆகவே ஆடும் கோழியும் கலந்து செய்வது எல்லாருக்கும் ஒத்துவரும். மாடு சாப்பிடுகிறவர்கள் அதே அளவுக்கு மாட்டிறைச்சி வைத்துக்கொள்ளலாம், செய்முறை மாறாது.

ஆறு பேருக்கு 500 கிராம் ஆட்டிறைச்சி, 300 கிராம் கோழி. கோழியில் நெஞ்சுப் பகுதி வேண்டாம். தொடைக்கறியைத் தோலோடு வாங்கி அரைக்கச் சொல்லுங்கள். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, அதை மட்டும் வைத்துச் செய்தால் சுட்ட பிறகு மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். தோலோடு அரைத்த கோழித்தொடை அந்தக் குறையை ஈடுகட்டும். ஆஸ்திரேலிய செம்மறி ஆட்டின் உறைந்த கொத்துக்கறி சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். அதில் கொழுப்பு போதுமானது, கோழியைக் குறைத்துக்கொள்ளலாம்.

சௌரஸ்தா சந்தையோ புலாவ் திக்குஸ் சந்தையோ, எங்கே வாங்கினாலும் நம் ஆட்கள் வாய் தானாகவே சொல்லும்: "அண்ணே, கொழுப்பெல்லாம் எடுத்துடுங்க." இந்த ஒரு நாள் அதைச் சொல்லாதீர்கள். "ஆட்டுத் தொடையும் நெஞ்சுக்கறியும் கலந்து, கொழுப்போட ஒரே தடவை அரைச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். இரண்டு மூன்று முறை அரைத்தால் பசை மாதிரி ஆகி, வெந்த பிறகு மீன் உருண்டைபோல் துள்ளும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருக்கிறது. கொத்தின கறியைக் கழுவாதீர்கள். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசினால்தான் கறி சுத்தம் என்று வளர்ந்தவர்கள் நாம், எனக்குத் தெரியும். ஆனால் கொத்துக்கறியைக் கழுவினால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கட்டியே பிடிக்க வராது, தெறிக்கிற தண்ணீர் கிருமியை சிங்க் முழுக்கப் பரப்பும். மனசு கேட்கவில்லை என்றால் முழுத்துண்டாக வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கறி நேராகக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

மற்ற சாமான்கள்

ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டி 3 துண்டு
பால் அரை கப் (சுமார் 120 மில்லி)
முட்டை 1
பம்பாய் வெங்காயம் 1, பெரியது
பூண்டு 3 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு
கேரட் 1, சிறியது, துருவியது
சூப் இலை (செலரி இலை) ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கியது
வூஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி
உப்பு ஒன்றரை தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் அரை தேக்கரண்டி
உருளைக்கிழங்கு 700 கிராம்

மேலே பூச: தக்காளி சாஸ் 5 மேசைக்கரண்டி, லிங்கம் சில்லி சாஸ் 1 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. லிங்கம் 1908லிருந்து பினாங்கில் இருக்கும் சாஸ், இனிப்பும் உறைப்பும் சேர்ந்தே இருக்கும், ஆகவே தனியாகச் சீனி வேண்டாம். வேறு சில்லி சாஸ் என்றால் துருவிய குலா மலாக்கா (தென்னை வெல்லம்) ஒரு தேக்கரண்டி சேருங்கள். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீனும் புளியும் இருக்கும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் வந்தால் கவனம். ஹலால் பார்ப்பவர்கள் புட்டியில் ஜாக்கிம் (மலேசிய அரசின் ஹலால்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வதக்கல்

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ பட்டரோ விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை மிதமான தீயில் நன்றாக மசியும்வரை வதக்குங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும். அப்புறம் தட்டிய இஞ்சி பூண்டு, கேரட், சோம்புத்தூள், பாதி மிளகுத்தூள். பச்சை வாசம் போனதும் இறக்கி, தட்டில் பரப்பி முழுசாக ஆறவிடுங்கள். சூடாக இறைச்சியில் கொட்டினால் கொழுப்பு அங்கேயே உருகி, பிசையும்போதே கையில் வழியும்.

இதைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள். பச்சை வெங்காயம் ஓவனுக்குள் தண்ணீர் விட்டுக் கட்டியை வெடிக்க வைக்கும். பச்சை இஞ்சியில் இறைச்சியைக் கரைக்கிற என்சைம் இருக்கிறது. பிரியாணிக் கறிக்கு அது நல்லது, இங்கே கட்டி கொழகொழவென்று ஆகிவிடும்.

மசாலா விஷயத்திலும் இதேதான். நம் கை சும்மா இருக்காது, கறித்தூள் டப்பாவுக்குப் போகும். குழம்பில் தூள் எண்ணெயில் வதங்குகிறது, பிறகு நெடுநேரம் கொதிக்கிறது. மீட்லோஃபின் நடுப்பகுதி எழுபத்தைந்து டிகிரியைத் தாண்டுவதே இல்லை. அந்தச் சூட்டில் பச்சைத் தூளின் வாசம் போகாது. கறித்தூள் போட்டே தீர வேண்டும் என்றால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதையும் வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கிவிட்டுச் சேருங்கள். என்னைக் கேட்டால் மிளகும் சோம்பும் போதும். ஆட்டிறைச்சிக்குச் சோம்பு எப்படி ஒத்துப்போகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரொட்டியும் பாலும்

ரொட்டியைப் பிய்த்து, பாலை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு முள்கரண்டியால் கூழாக மசியுங்கள். சிலர் பிழிந்துவிட்டுப் போடுவார்கள். வேண்டாம், அப்படியே போடுங்கள். இறைச்சி வேகும்போது சுருங்கித் தன் ஈரத்தை வெளியே தள்ளும். ரொட்டியின் மாவு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இறைச்சி ஒன்றோடொன்று இறுகாமலும் தடுக்கும். காய்ந்த ரொட்டித்தூளை நேராகக் கொட்டினால் அது இறைச்சியின் ஈரத்தையே உறிஞ்சும். கடையில் சாப்பிடுகிற வறட்டு மீட்லோஃப் பலவற்றுக்கும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

வீட்டில் ரொட்டி இல்லையா? கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை நொறுக்கிப் பாலில் ஊறவைக்கலாம், பத்துப் பிஸ்கட் போதும். அதில் உப்பு இருப்பதால் உங்கள் உப்பைச் சற்றுக் குறையுங்கள். பசும்பாலுக்குப் பதிலாகத் தேத்தண்ணிக்கு வாங்கிவைத்த டின் எவாபரேட்டட் பாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றினாலும் சரி. கண்டென்ஸ்ட் மில்க் மட்டும் வேண்டாம்!

கலப்பது

அகலமான பாத்திரத்தில் ரொட்டிக் கூழ், முட்டை, ஆறிய வெங்காயக் கலவை, சூப் இலை, வூஸ்டர் சாஸ், உப்பு, மீதி மிளகு எல்லாவற்றையும் முதலில் ஒன்றாகக் கலக்குங்கள். இறைச்சி கடைசியில்தான். அதுவும் குளிர்பெட்டியிலிருந்து நேராக.

விரல்களை விரித்து, மேலும் கீழுமாகப் புரட்டுங்கள். சப்பாத்தி மாவுக்குக் கொடுக்கிற அழுத்தம் இங்கே கூடவே கூடாது. உப்புப் பட்ட இறைச்சியை அழுத்திப் பிசையப் பிசையப் புரதம் நூல்போல ஒட்டி இறுகும். வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் மறைந்து, எல்லாம் ஓரளவு கலந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.

உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? பச்சைக் கறியை வாயில் வைக்க முடியாது. ஒரு தேக்கரண்டி அளவு எடுத்துத் தட்டி, வாணலியில் இரண்டு பக்கமும் வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்போ மிளகோ குறைந்தால் இப்போதே சேருங்கள், ஓவனுக்குள் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

உருளைக்கிழங்கு

சந்தையில் ஹாலந்து உருளை என்று விற்கிற மஞ்சள் சதைக் கிழங்கு வறுக்க நன்றாக இருக்கும், உடையாது. மாவுத்தன்மை அதிகமுள்ள அமெரிக்க ரசெட் மொறுமொறுப்பு கூடுதலாகத் தரும், ஆனால் ஓரம் உதிரும். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்குங்கள். பச்சை ஏறினதும் முளை விட்டதும் மட்டும் வேண்டாம்.

தோல் சீவி மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். கொதித்த பிறகு ஏழு நிமிடம். வடித்து, அதே சட்டியில் மூடி போட்டு இரண்டு குலுக்குக் குலுக்கினால் ஓரங்கள் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புத்தான் பிறகு மொறுமொறுப்பு. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகு, இருந்தால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டுப் புரட்டி வையுங்கள்.

மசியல்தான் பிடிக்கும் என்கிறவர்கள் கிழங்கை முழுசாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே பட்டரும் பாலும் விட்டு மசித்துக்கொள்ளலாம். நான் வறுவல் கட்சி, ஏனென்றால் மீட்லோஃபிலிருந்து வடிகிற கொழுப்பு வீணாகாமல் கிழங்கில் ஏறும்.

ஓவன்

நம் வீடுகளில் அதிகம் இருப்பது மேசைமேல் வைக்கிற முப்பது லிட்டர் சுமார் ஓவன். அதில் இரண்டு தொல்லை. மேல்கம்பி கிட்டத்தில் இருப்பதால் மேற்பக்கம் சீக்கிரம் கருகும், திருகில் காட்டுகிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாக இருக்காது. சின்ன ஓவன் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் இரண்டாவது தொல்லை தீரும். ஓவன் பிளக்கைச் சுவரிலேயே நேராகக் குத்துங்கள். ரைஸ் குக்கரும் ஓவனும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடினால் வயர் சூடேறும்.

180 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்யுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 165 போதும். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, கலவையை நடுவில் கொட்டி, ஈரக்கையால் 22 சென்டிமீட்டர் நீளம், 11 சென்டிமீட்டர் அகலத்தில் கட்டியாகப் பிடியுங்கள். உள்ளே காற்று இடைவெளி இல்லாதபடி மெல்லத் தட்டினால் போதும், அமுக்க வேண்டாம். ரொட்டி டின்னுக்குள் அடைத்தும் சுடலாம், ஆனால் அதில் இறைச்சி தன் கொழுப்பிலேயே அவியும், பக்கங்கள் சிவக்காது. தட்டில் வைத்தால் நாலு பக்கமும் சிவக்கும், கிழங்குக்கும் இடம் கிடைக்கும்.

கிழங்கைச் சுற்றிலும் ஒரே வரிசையாக அடுக்கி, தட்டைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். கிழங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வறுபடாமல் அவிந்துவிடும். மீதியை வேறு நாளைக்குக் கறி வையுங்கள்.

35 நிமிடம் கழித்து வெளியே எடுத்து, கிழங்கைத் திருப்பிவிட்டு, சாஸில் பாதியைக் கட்டியின்மேல் பூசுங்கள். இன்னும் 15 நிமிடம் கழித்து மீதிச் சாஸ். ஆரம்பத்திலேயே பூசினால் அதிலுள்ள சர்க்கரை கருகும். மேல்பக்கம் சீக்கிரமே கறுத்துக்கொண்டு வந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். மொத்தம் 60 முதல் 70 நிமிடம் ஆகும்.

வெந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும், சுட்டால் செத்துவிடும். கொத்தும்போது அந்த மேல்பரப்பு உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் நடுப்பகுதியும் சரியான சூட்டை எட்ட வேண்டும். ஆடு, மாடு மட்டும் என்றால் 71 டிகிரி, கோழி கலந்திருப்பதால் நமக்கு 74 டிகிரி. பேக்கிங் சாமான் விற்கிற கடைகளில் ஊசி மாதிரி குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். பக்கவாட்டிலிருந்து நடுவரை குத்திப் பாருங்கள். நிறம் ஏமாற்றும்: உள்ளே வெந்தும் இளஞ்சிவப்பாக இருக்கலாம், வேகாமலே பழுப்பாகவும் இருக்கலாம். தெர்மாமீட்டர் இருந்தால் இன்னொரு லாபம், பயத்தில் தொண்ணூறு நிமிடம் சுட்டு வறட்டி ஆக்க மாட்டீர்கள்.

ஓவனே இல்லை, ஏர் ஃபிரையர்தான் என்றால் இதே கலவையில் பாதியை எடுத்து இரண்டு சின்னக் கட்டிகளாகப் பிடித்து 170 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள். 74 எட்டியதா என்று அங்கேயும் குத்திப் பாருங்கள்.

பொறுங்கள்

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். வேறு தட்டுக்கு மாற்றி, பதினைந்து நிமிடம் விடுங்கள். வீட்டில் எல்லாரும் மேசையைச் சுற்றி வந்து நிற்பார்கள், "இது என்ன, கட்லட்டைப் பெரிசாப் பண்ணிட்டியா?" என்று அத்தையும் கேட்பார்கள். கேட்கட்டும். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடி, துண்டும் உதிரும். கிழங்கு இன்னும் சிவக்கவில்லை என்றால் அதை மட்டும் திரும்ப ஓவனில் வைத்துச் சூட்டை 210க்கு ஏற்றுங்கள், இந்த இடைவெளியில் அதுவும் ஆகிவிடும்.

அதற்குள் கிரேவி. தட்டில் வடிந்த கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி வாணலிக்கு எடுத்து, நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து வதக்கி, ஒன்றரை மேசைக்கரண்டி கோதுமை மாவு தூவி ஒரு நிமிடம் வறுங்கள். 300 மில்லி கோழிச் சாறோ வெந்நீரோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி இல்லாமல் கிளறி, ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், ஒரு மேசைக்கரண்டி கறுப்புக் கிச்சாப், ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணி. ஐந்து நிமிடம் கொதித்தால் ஹைனான் கடை வாசம் வந்துவிடும். உப்பைக் கடைசியில் பாருங்கள், கிச்சாப்பே பாதி வேலையைச் செய்திருக்கும்.

இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிப் பரிமாறுங்கள். பக்கத்தில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் வினிகரில் போட்ட அச்சார் இருந்தால் கொழுப்பின் திகட்டல் தெரியாது. சோறு வேண்டும் என்று கேட்கிற ஆள் எல்லா வீட்டிலும் உண்டு. கிரேவி சோற்றுக்கும் நன்றாகவே சேரும், சண்டை வேண்டாம்.

மீந்ததை ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். துண்டுகளாக்கித் தாளில் சுற்றி உறையவைத்தால் இரண்டு மாதம். மறுநாள் மைக்ரோவேவில் சுடவைத்தால் ரப்பராகிவிடும். வாணலியில் சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். அதை ரொட்டிக்கு நடுவில் வைத்து, மேலே கொஞ்சம் லிங்கம் சாஸும் வெள்ளரித் துண்டும் வைத்தால் பள்ளிக்கும் வேலைக்கும் டிபன் தயார். உதிர்ந்த துண்டுகளையும் மீந்த உருளைக்கிழங்கையும் சேர்த்து மசித்து, முட்டையில் தோய்த்துப் பொரித்தால் பெர்கெடில் ஆகிவிடும், அது சாயங்காலத் தேத்தண்ணிக்கு.